டீச்சர் மறுக்கவில்லை

"மூணாவது மாடி நோட்டைக் குடுங்க மேடம். நான் பார்க்கணும்."

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2:40. மேட்ரன் அறை. இந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது சீனியர் அக்கா. "லீவு கேளு. ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கேளு. வேணும்னா டாக்டரோட சண்டைகூடப் போடு. மூணாவது மாடியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காத. மேல போனவங்க நம்ம ஆளுங்க இல்ல. அவ்வளவுதான்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டதில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடம்பில் எத்தனை எலும்பு, எந்தத் தசை எதை இழுக்கும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று எழுந்து போகிற ரகம். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேரமெல்லாம் சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்த நேரம். ஒரு நிமிடம்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. பிற்பகல் 3:10க்கு.

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு ஆபரேஷன் முடிந்தவர்களைத் திரும்ப நடக்க வைக்கிற மறுவாழ்வு மையத்தில் வேலை. கீழ்த் தளத்தில் பயிற்சிக் கூடம். முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் நோயாளிகள். மூன்றாவது மாடியில், இவர்கள் இனி நடக்கமாட்டார்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்கள். அங்கே பயிற்சி கிடையாது. துடைப்பார்கள், ஊட்டுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். லிஃப்டும் கதவும் கார்டு காட்டினால்தான் திறக்கும். எங்கள் கார்டுக்குத் திறக்காது.

ஒரு பிசியோவுக்குப் பதினான்கு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பயிற்சி. மனுஷியால் ஆகிற காரியமில்லை. ஆனாலும் ஷீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தால் டிக். கொடுக்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். 'நேரம் போதவில்லை' என்று எழுதினால் மேட்ரன் கூப்பிட்டுக் குதறிவிடுவார். அதற்கு அக்கா சொல்லிக்கொடுத்த வழி ஒரே ஓர் எழுத்து. 'ம'. மறுத்தார் என்று அர்த்தம். பிசியோ போனாள், நோயாளிதான் வேண்டாம் என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"பாதிப் பேர் எப்படியும் வலிக்குது வேணாம்னுதான் சொல்லப்போறாங்க. நீ அவ்வளவு தூரம் போய் அதைக் கேட்டுட்டு வரணுமா? அவங்களுக்குப் பதிலா நீயே சொல்லிடு" என்றாள் அக்கா.

சிரித்தேன். நானும் 'ம' போட ஆரம்பித்தேன்.

ஆறாம் அறைக்குக் கணக்கு டீச்சர் வந்தது அப்போதுதான். வயது அறுபத்தெட்டு. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மூட்டையே மாற்றியிருந்தார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. நான் போய் விதிகளைச் சொன்னேன். தொண்ணூறு டிகிரிக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. ஆபரேஷன் செய்த காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் புது மூட்டு கழன்றுவிடும்.

"தொண்ணூறு டிகிரி எவ்வளவுன்னு எனக்கு நீ சொல்றியா? முப்பத்தாறு வருஷம் போர்டுல வரைஞ்சவ நான்" என்றார். சிரிக்கவில்லை. "எங்க படிச்ச? எவ்வளவு மார்க்கு? அப்பா என்ன பண்றார்?"

"மார்க்கெட்ல மூட்டை தூக்குறார்."

"ஓ..." என்று என் கையைப் பார்த்தார். அவர் முழங்கையைப் பிடித்திருந்த கை. "அதான் பிடி இவ்வளவு கெட்டியா இருக்கு."

அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டார். எனக்குக் காது வரை சுட்டது. எங்கே போனாலும் என் சர்டிபிகேட்டுக்கு முன்னால் அப்பாவின் மூட்டை வந்து நிற்கும். அன்றைக்கும் வந்து நின்றது. 'இரு, உன்னைப் பார்த்துக்கிறேன்' என்று மனதுக்குள் சொன்னேன். ஆமாம், ஒரு நோயாளியை. மறைக்க என்ன இருக்கிறது.

காலைப் பயிற்சி டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம், தப்பிக்க முடியாது. பிற்பகல் பயிற்சியை விட்டேன். ஆறாம் அறையின் நேரம் 3:10. பதினான்கு நாளில் ஒன்பது நாள் போகவில்லை. முதல் நாள் நிஜமாகவே வேலை இருந்தது. மிச்ச எட்டு நாள், துணி அடுக்குகிற அறையில் மடித்த போர்வைகள் மேல் உட்கார்ந்து மொபைல் பார்த்தேன். ஆறாம் அறை மணி அடிப்பது அங்கே நன்றாகக் கேட்கும். டீச்சர் மூன்று முறை அடிப்பார். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி மூன்று முறை. 3:40க்கு நிறுத்திவிடுவார். நான் எழுந்து போய் 'ம' போடுவேன்.

டீச்சருக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மகன் வீடு ஒரு கடைக்கு மேலே, மாடியில். பதினெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது. "படி ஏற முடிஞ்சா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிடறேம்மா" என்று மகன் சொல்லியிருந்தார். காலையில் வாக்கர் பிடித்து நடக்கும்போதெல்லாம் டீச்சர் முணுமுணுப்பார். "பதினெட்டுதானே... பதினெட்டுதானே..."

பதினைந்தாம் நாள், புதன்கிழமை, பரிசீலனை. டாக்டர், மேட்ரன், நான், மகன். டாக்டர் ஷீட்டைப் பார்த்தார்.

"பதினாலுல ஒம்போது மறுப்பு. என்னம்மா, நடக்க இஷ்டமில்லையா?"

"யாரு மறுத்தா? மத்தியானம் ஆளே வர்றதில்ல டாக்டர். மணி அடிச்சு அடிச்சு என் விரல்தான் தேயுது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ போனியா?"

மேட்ரனும் என்னைப் பார்த்தார். வேலை போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு விநாடி யோசித்தேன். ஒரே விநாடி.

"போனேன் சார். அவங்கதான் வேணாம்னாங்க."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா இப்படிப் பண்ற? நான் எத்தனை நாள்தான் லீவு போட்டு அலையறது?"

டீச்சர் மகன் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தெரிந்த கணக்கைத் தெரிந்தே தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

டாக்டர் எழுதினார். ஒத்துழைப்பு இல்லை. ஞாபகக் குழப்பம். மூன்றாவது மாடி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் வியாழன். இரண்டு மணியிலிருந்து நான்கு வரை மையமே தூங்கும். திரைகளை இழுத்துவிடுவார்கள். வெயில் பழுப்பாக உள்ளே வரும். நோயாளிகளுக்குத்தான் ஓய்வு, எங்களுக்கு இல்லை. ஆனால் ஆறாம் அறையில் டீச்சரின் கட்டில் காலி, 3:10க்கு எனக்கு வேலை இல்லை. பயிற்சிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

டொக்... சர்ர்... தப்.

வாக்கர். பிறகு ஆபரேஷன் கால். பிறகு நல்ல கால். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். வாக்கர் காலில் ஒன்றுக்கு ரப்பர் மூடி இல்லை, அதனால் அந்த 'டொக்'.

வாசலில் கணக்கு டீச்சர். மணி 3:10.

"வந்துட்டேன்" என்றார்.

டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. "யாரு கூட்டிட்டு வந்தா டீச்சர்?"

"நானேதான்."

மேல்மாடி ஆயா யாராவது லிஃப்டில் கொண்டுவந்து விட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். டீச்சர் டாக்டரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருப்பார். செய்யக்கூடிய ஆள்தான். யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். கேட்டால் 'உன்கிட்ட எதுக்கு வர்றாங்க' என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னாலேயே அந்த ஒன்பது நாளும் வரும். நான் கேட்கவில்லை.

பயிற்சி கொடுத்தேன். முழுதாக முப்பது நிமிடம். இதுவரை யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. 3:40க்கு டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு" என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை 3:10. டொக்... சர்ர்... தப். 3:40க்கு, "ரெண்டு."

சனிக்கிழமை, "மூணு."

எதை எண்ணுகிறார் என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. ஒன்பதையும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும், படி ஏறிவிடுவார், வீட்டுக்குப் போய்விடுவார், நானும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு மலிவான நிம்மதி பாருங்கள்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கள் நான்காவது நாள். அன்றைக்குத்தான் முதலில் ஒன்றைக் கவனித்தேன். டீச்சர் கையில் பச்சைப் பட்டை. மேலே போகிறவர்களுக்குப் பச்சையை வெட்டிவிட்டு வெள்ளைப் பட்டை கட்டுவார்கள். இவருக்குப் பச்சையே இருந்தது. மாற்ற மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய். மர ஸ்டூலில் உட்காரப்போனார். குட்டை ஸ்டூல், குழந்தைகள் உட்காருகிற உயரம்தான் இருக்கும். "டீச்சர், அதுல உட்காராதீங்க! மூட்டு கழண்டுடும்" என்று கத்தினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் காலை. மூன்று வாரத்துக்கு முன்னால் அறுத்த காலை, பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்கிற மாதிரி, சுலபமாக.

முகத்தில் வலியே இல்லை.

"வலிக்கலையா?"

"இல்லையே. நீ நல்லா சொல்லிக் குடுக்கற."

 "அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன், ஆறு. வியாழன், ஏழு. பழகும் படிக்கட்டில் ஏற்றினேன். மரத்தில் செய்தது, நான்கு படி ஏறி நான்கு படி இறங்கலாம். பழசு, யார் மிதித்தாலும் கிறீச்சென்று கத்தும். டீச்சர் ஏறினார். சத்தமே இல்லை. பின்னாலேயே நான் ஏறினேன்.

கிறீச்.

நான் மட்டும்தான்.

வெள்ளி, எட்டு. நோயாளியை நடத்தும்போது இடுப்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பெல்ட் கட்டி, பின்னால் பிடித்துக்கொள்வோம். விழப்போனால் இழுத்து நிறுத்த. எவ்வளவு நன்றாக நடக்கிற ஆளாக இருந்தாலும் அடிக்கு அடி பெல்ட்டில் கனம் தெரியும். உடம்பு ஆடும், இழுக்கும். அதைத்தான் கை படித்துக்கொண்டே வரும்.

அன்றைக்குப் பெல்ட்டில் கனம் இல்லை.

கொடியில் காய்கிற துணியைப் பிடித்த மாதிரி இருந்தது.

இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். கடைசித் துளை வரை இறுக்கினேன். அப்படி இறுக்கினால் யாருக்கும் மூச்சு முட்டும். டீச்சருக்கு மூச்சு முட்டவில்லை. நடந்துகொண்டே, திரும்பாமல், பேசினார்.

"அன்னிக்கு உன் பிடி கெட்டியா இருக்குன்னு சொன்னேனே..."

"ம்."

"நல்லதுக்குத்தான் சொன்னேன். உன் கை இருந்தா விழமாட்டேன்னு தோணுச்சு. அதான் தினமும் உன்னையே கூப்பிட்டேன்."

 மன்னிச்சிடுங்க டீச்சர் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரை வந்தது.

சொல்லவில்லை.

"எட்டு" என்றார்.

சனிக்கிழமை. 3:10.

டொக்... சர்ர்... தப் இல்லை. வெறும் தப்... தப்... தப்.

வாக்கர் இல்லாமல் வந்திருந்தார்.

"இன்னிக்கு நிஜப் படி" என்றார்.

கூடத்துக்குப் பின்னால் கட்டடத்தின் மாடிப்படி. ஒரு மாடிக்கு இருபத்திரண்டு படி. லிஃப்ட் வேலை செய்யாதபோது மட்டும் நாங்கள் ஏறுவோம். கூடத்தில் வழக்கமான பயிற்சியை முடித்துக்கொண்டு, 3:35க்குப் படியடியில் பெல்ட்டைக் கட்டினேன். கொக்கி இரண்டு முறை வழுக்கியது. டீச்சர் பொறுமையாக நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். நல்ல காலை முதலில் வைத்தார்.

"ஒண்ணு."

பின்னாலேயே நான்.

"ரெண்டு... மூணு..."

என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதினாறு... பதினேழு... பதினெட்டு."

நின்றார். பதினெட்டு! என்னையறியாமல் சிரித்துவிட்டேன். "டீச்சர், வந்துட்டீங்க! வீடு வந்தாச்சு!"

அவர் திரும்பவில்லை.

"பத்தொம்போது."

"போதும் டீச்சர்."

"இருபது... இருபத்தொண்ணு..."

முதல் மாடித் திருப்பம். அவர் வளைந்தார். நான் வளைந்தேன்.

யாரும் இல்லை.

பெல்ட் என் கையில் இருந்தது. கொக்கி போட்டபடியே. வட்டமாக.

"இருபத்தஞ்சு..."

மேலே இருந்து வந்தது குரல்.

"முப்பது... முப்பத்தொண்ணு..."

சீரான குரல். மூச்சு வாங்காத குரல். வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற குரல்.

ஓடினேன். இரண்டு இரண்டு படியாக.

"நாப்பத்திநாலு..."

இரண்டாவது மாடி. யாரும் இல்லை.

"அம்பத்தெட்டு... அம்பத்தொம்போது..."

"டீச்சர்!"

"அறுபத்தஞ்சு..."

"நில்லுங்க டீச்சர்!"

"அறுபத்தாறு."

மூன்றாவது மாடிக் கதவு. மூடியிருந்தது. என் கார்டை வைத்தேன், சிவப்பு விளக்கு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஆயாக்கள் ஒரு கட்டிலைப் பார்த்து ஓடினார்கள். நர்ஸ் ஏறி நின்று யாருடைய நெஞ்சையோ அமுக்கினாள். திரையை இழுத்தார்கள்.

காதுக்குப் பக்கத்தில்... இடது காது... மெதுவாக...

"ஒம்போது."

கண்ணாடிக்கு உள்ளே, சுவர்க் கடிகாரத்தில் மணி 3:41.

ஞாயிறும் திங்களும் நான் வீட்டில் கிடந்தேன். காய்ச்சல். அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது. "உழைப்பு அதிகம் பாருங்க. நடக்க முடியாதவங்களை நடக்க வைக்கிற வேலையாச்சே." போர்வையை வாயில் வைத்துக் கடித்தேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். சீனியர் அக்கா வரவில்லை. திங்கள் மாலை நான்கு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாளாம், பையைக்கூட எடுக்கவில்லையாம். யாருக்கும் காரணம் தெரியவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

மதியம் வரவேற்பறையில் டீச்சரின் மகன். அம்மாவின் பொருள்களை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். ஒரு பை. கண்ணாடி, செருப்பு, கட்டம் போட்ட நோட்டு ஒன்று. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதானே அம்மாவோட பிசியோ?"

"ஆமா."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அம்மா பிடிவாதக்காரி, எனக்குத் தெரியும். ஆனா நடக்கமாட்டேன்னு சொல்ற ஆளே இல்ல. என்னதான் சொல்லி மறுத்தாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குக் கோவம்ங்க" என்றார். "வேணும்னே பண்றாங்கன்னு நினைச்சுட்டேன். கடைசி பத்து நாள் நான் வரவேயில்ல. போன் பண்ணாங்க, எடுக்கல. கொஞ்ச நாள் தனியா இருந்தாத்தான் புத்தி வரும்னு... என் அம்மாவைப் பத்தி நான் அப்படி நினைச்சேங்க." அவர் முகம் கோணியது. பெரிய மனிதர், நாற்பது வயது இருக்கும், பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

நான் போட்ட ஒன்பது எழுத்தும் இவரைத்தான் போய் அடித்திருக்கின்றன. அப்போதுதான் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க. வந்துடறேன்" என்றேன்.

மேலே போகவில்லை. முதலில் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி அவரிடம் வந்தேன். அதற்குப் பிறகுதான் மேட்ரன் அறைக்குப் போனேன். அப்போது மணி 2:40.

"மூணாவது மாடி நோட்டைக் குடுங்க மேடம்."

"எதுக்கு?"

"பார்க்கணும்."

"உனக்குப் பைத்தியமா? போய் வேலையைப் பாரு."

நோட்டு மேஜையிலேயே இருந்தது. மேல்மாடி நர்ஸ் தினமும் கொண்டுவந்து வைப்பாள். நான் எடுத்தேன். மேட்ரன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். என் பிடி கெட்டி. அவரால் முடியவில்லை.

டீச்சரின் பக்கம். நர்ஸின் குண்டுக் கையெழுத்து.

வியாழன். 3:10. தூக்கத்தில் நாடி 122. உடம்பெல்லாம் வியர்வை. எழுப்பினால் எழவில்லை. 3:40. நாடி 76. தானாக விழித்தார்.

வெள்ளி. 3:10. நாடி 126. எழவில்லை. 3:40. விழித்தார்.

சனி. அதே.

ஞாயிறு. ஒன்றும் இல்லை. 'அமைதியாக இருந்தார், ஜன்னல் பக்கம் திருப்பிவிடச் சொன்னார்.'

ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கள். செவ்வாய். புதன். வியாழன். வெள்ளி. 3:10. 3:10. 3:10. 3:10. 3:10.

கடைசிச் சனி. நாடி 150க்கு மேல். 3:41. அதற்குப் பிறகு நாடி இல்லை.

கீழே இன்னும் நான்கு வரி. உடலைத் துடைத்து உடை மாற்றியபோது கண்டவை. நோயாளி மேலே வந்த நாளிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆனால் இரண்டு உள்ளங்கையிலும் புதுக் கொப்புளம். பாதங்களில் புழுதி. இடுப்பைச் சுற்றி இறுக்கிய தடம், நான்கு விரல் அகலம். காரணம் தெரியவில்லை.

"இது உனக்கு எதுக்குடி?" மேட்ரன் குரல் இறங்கியிருந்தது. "செத்தவங்க செத்துட்டாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு."

நான் பக்கத்தைத் திருப்பினேன். எதற்குத் திருப்பினேன் என்று தெரியாது.

வேறு கட்டில். பதினோராம் எண். ஒரு டெய்லர். சீனியர் அக்காவின் நோயாளி, இவருக்கும் பிற்பகல் பயிற்சி 3:10க்குத்தான். போன சனிக்கிழமைதான் மேலே அனுப்பியிருந்தார்கள். ஒத்துழைப்பு இல்லை.

ஒரே ஒரு வரி. நேற்றுத் தேதி.

திங்கள். 3:10. தூக்கத்தில் நாடி 118. வியர்வை. எழுப்பினால் எழவில்லை.

நேற்று 3:10க்குப் பயிற்சிக் கூடத்தில் அக்கா மட்டும்தான் இருந்திருப்பாள்.

சுவர்க் கடிகாரம் 2:57.

"மேடம், டெய்லருக்கு எத்தனை 'ம'?"

"எனக்கென்ன தெரியும்? உன் ஆறாம் ரூம் ஷீட் எங்க? பழைய ஷீட்டெல்லாம் இன்னிக்கு உள்ள வைக்கணும்."

"இல்ல."

"இல்லன்னா?"

"அவங்க மகன்கிட்ட குடுத்துட்டேன். ஒவ்வொரு 'ம'வுக்குப் பக்கத்துலயும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். டீச்சர் மறுக்கல, நான் போகலன்னு. ஒம்போது தடவை."

மேட்ரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "உன் வேலை போச்சு. புரியுதா? உன் பட்டத்துக்கே ஆபத்து. உங்க அப்பன் மூட்டை தூக்கிப் படிக்க வச்ச படிப்புடி!"

"தெரியும்."

"அந்த ஆள் என்ன சொன்னான்?"

மகன் கையை நீட்டி வாங்கினார். ஷீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். பையிலிருந்து அம்மாவின் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வரும்போதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதை மேட்ரனிடம் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த அவருடைய கார்டை எடுத்தேன். மூலையில் இருந்த வாக்கரைத் தூக்கினேன்.

"எங்கடி போற? மேல போனா இந்தக் கட்டடத்துக்குள்ள உனக்கு இடமே கிடையாது!"

கதவைத் திறந்து வெளியே வந்தேன். பின்னால் அவர் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். லிஃப்டுக்காக நிற்கவில்லை. 3:10க்கு டெய்லர் கீழே வருவதற்குள் நான் மேலே போய்விட வேண்டும்.

மணி 3:02. டெய்லர் இன்னும் விழித்துத்தான் இருப்பார்.